மழலையர் வகுப்புக்குப் பை, பாட்டில், டப்பா, ஷூ: எதைப் பார்த்து வாங்குவது?

கன்னங்குறிச்சியில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு மூன்றரை வயது முடிந்துவிட்டது. ஜூனில் எல்கேஜி சேர்க்கிறோம். ஏற்காட்டில் இருக்கும் என் நாத்தனாரின் மகன் அங்கேயே யுகேஜி போகிறான். இருவருக்கும் தேவையானவற்றைச் சேலம் கடைவீதியிலேயே ஒன்றாக வாங்கிவிடலாமா? எதற்குச் செலவு செய்யலாம், எது வீண்?"

மழலையர் வகுப்பில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பை, தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா மூன்றையும் இருவருக்கும் சேர்த்தே வாங்கலாம். ஷூ, மழைக்கோட்டு, ஸ்வெட்டர் ஆகியவற்றை ஊருக்கு ஏற்பத் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். எதை வாங்கினாலும், குழந்தையையும் கடைக்கு அழைத்துச் சென்று, அந்தப் பொருளை அதன் கையில் கொடுத்து, யாருடைய உதவியும் இல்லாமல் திறக்கவும் மூடவும் மாட்டவும் கழற்றவும் முடிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வகுப்பில் இருபத்தைந்து குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியையும் ஓர் ஆயாவும் இருப்பார்கள். பத்து மணிச் சிற்றுண்டி இடைவேளையில் பதினைந்து டப்பாக்களை அவர்களே திறந்து கொடுக்க வேண்டியிருந்தால், பதினாறாவது குழந்தை சாப்பிடத் தொடங்கும்போது மணி அடித்துவிடும். டப்பாவில் மிச்சம் வரும் உணவைப் பார்த்து "பிள்ளை பள்ளியில் சாப்பிடுவதே இல்லை" என்று பெற்றோர் வருந்துவதுண்டு; பசியின்மையைவிட மூடிதான் அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

முதலில் பை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2020இல் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, மழலையர் வகுப்புகளுக்குப் பையே தேவையில்லை என்கிறது. முதலாம், இரண்டாம் வகுப்புகளுக்கே 1.6 கிலோவிலிருந்து 2.2 கிலோ வரைதான் அனுமதிக்கிறது. நடைமுறையில் நம் ஊர்ப் பள்ளிகள் டைரி, டப்பா, மாற்று உடை ஆகியவற்றுக்காக ஒரு பை கேட்கத்தான் செய்கின்றன. குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். மூன்றரை, நான்கு வயதுக் குழந்தை சராசரியாக 15, 16 கிலோ இருக்கும். அப்படியானால் எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்க வேண்டும். 400 மில்லி தண்ணீர் நிரம்பிய எவர்சில்வர் பாட்டில் 600 கிராம், உணவோடு கூடிய டப்பா 400 கிராம், டைரியும் மாற்று உடையும் 200 கிராம் என்று கூட்டினால் காலிப் பைக்கு 300 கிராம்தான் மிஞ்சுகிறது. மெத்தை வைத்து, சக்கரம் வைத்து, முன்பக்கம் முப்பரிமாண பொம்மை முகம் ஒட்டிய பைகளில் பல இந்தக் கணக்கில் வெறுமையாக இருக்கும்போதே தோற்றுவிடுகின்றன. சக்கரப் பை வேன் படியில் ஏறாது, மாடிப்படியில் இடிக்கும். அதைப் பற்றி மேலே பேச எதுவுமில்லை.

பையைக் குழந்தையின் முதுகில் மாட்டிப் பின்னால் நின்று பாருங்கள். தோள்களின் அகலத்தைத் தாண்டி பக்கவாட்டில் துருத்தக் கூடாது. அடிப்பகுதி இடுப்புக்குக் கீழே தொங்கி நடக்கும்போது பின்புறத்தில் இடிக்கக் கூடாது. தோளில் மாட்டும் வார் இரண்டு விரல் அகலமாவது இருக்க வேண்டும். நீளத்தைக் குறைத்த பிறகு மிஞ்சும் வாரின் நுனியை மடித்துத் தைத்துவிடுங்கள், ஏனென்றால் தொங்கும் வார் வேன் கதவிலும் சறுக்குமரத்திலும் சிக்கும். ஜிப்பின் இழுப்பான் சிறியதாக இருந்தால் ஒரு துண்டு நாடாவைக் கோத்துக் கட்டிவிட்டால் போதும், சின்ன விரல்கள் பிடித்து இழுத்துக்கொள்ளும். டப்பாவை நிமிர்த்தி வைக்கும் அளவுக்கு ஓர் அறையும், பாட்டிலுக்கு ஒரு வலைப்பையும் இருந்தால் போதுமானது. அறைகள் கூடக் கூட எதை எங்கே வைத்தோம் என்று குழந்தைக்கே தெரியாமல் போகும். "ரெண்டு வருஷம் வரும், கொஞ்சம் பெரிசாவே எடுத்துக்குங்க" என்று கடைக்காரர் சொல்வார். சட்டைக்கு அந்த யோசனை சரி, பைக்குச் சரியல்ல. எந்த நிறம், எந்தப் பொம்மை என்பதைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள். அந்த ஓர் உரிமையைக் கொடுத்தால் மற்றவற்றில் உங்கள் சொல் கேட்கும். முதல் வாரத்து அழுகையிலும் தான் தேர்ந்தெடுத்த பை ஒரு துணையாக இருக்கும்.

தண்ணீர் பாட்டிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சேலத்தின் வெயிலில் மிக அதிகம் பயன்படுவதும், அடிக்கடி தவறாக வாங்கப்படுவதும் அதுதான். அரை நாள் வகுப்புக்கு 350 முதல் 400 மில்லி கொள்ளும் பாட்டில் போதும். முழு நாள் என்றால் பள்ளியில் மறுபடி நிரப்பிக்கொள்ளலாமா என்று கேளுங்கள், பெரிய பாட்டிலுக்குப் போகாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மார்ச், ஏப்ரலில் வெயில் 38, 39 டிகிரியைத் தொடும் நாட்களில் வேனுக்குள் கிடக்கும் பாட்டிலின் தண்ணீர் சுடுதண்ணீராகிவிடும், பிளாஸ்டிக் என்றால் வாடையும் அடிக்கும். ஆகவே எவர்சில்வரே என் முதல் தேர்வு. சாயம் பூசாத ஒற்றைச் சுவர்ப் பாட்டில் போதும். இரட்டைச் சுவர் கொண்டது குளிர்ச்சியைக் காக்கும், ஆனால் கனம் கூடும். பிளாஸ்டிக்தான் வேண்டுமென்றால் அடியில் உள்ள முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருப்பதை எடுங்கள். அது பாலிப்ரொப்பிலீன், சூட்டைத் தாங்கும். 1 என்று இருக்கும் மெல்லிய பாட்டில்கள் கடையில் தண்ணீர் விற்பதற்காகச் செய்தவை. அவற்றில் வெந்நீர் ஊற்றுவதும் மாதக்கணக்கில் பயன்படுத்துவதும் கூடாது.

எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல என்பதை இரும்பாலை இருக்கும் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1981இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையின் தகடுகளால் "சேலம் ஸ்டெயின்லெஸ்" என்ற பெயரே பாத்திரக் கடைகளில் தரத்துக்கு அடையாளமாயிற்று. பாட்டிலின் அடியில் 304 அல்லது 18/8 என்று பொறித்திருந்தால், அந்த உலோகத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கின்றன என்று பொருள். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் 202 போன்ற வகைகள் மலிவானவை. உப்பும் புளிப்பும் பட்டால் அவற்றில் சீக்கிரம் புள்ளி விழும். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது அரைகுறையான சோதனை, ஏனென்றால் 202 வகையிலும் காந்தம் சரியாக ஒட்டாது. பொறித்த எண்ணையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்த்து, நம்பகமான பாத்திரக் கடையில் வாங்குவதே வழி. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழகிய கடை இருந்தால் அங்கேயே கேளுங்கள்.

மூடிதான் அடுத்த சிக்கல். பொத்தானை அழுத்தினால் மூடி எகிறி ஸ்ட்ரா நிமிரும் பாட்டில் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும், திறப்பதும் எளிது. ஆனால் அந்த ஸ்ட்ராவுக்கும் ரப்பர் வளையத்துக்கும் அடியில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். தினமும் கழற்றி மெல்லிய பிரஷ்ஷால் கழுவ உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று நேர்மையாக யோசியுங்கள். இல்லையென்றால், அரைச் சுற்றிலேயே திறந்துகொள்ளும் அகன்ற மரை மூடியும், வாய் வைத்துக் குடிக்கச் சின்னக் குமிழும் உள்ள பாட்டிலை வாங்குங்கள். கடையில் தண்ணீர் ஊற்றித் தரச் சொல்லி, குழந்தையையே மூடச் சொல்லி, தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். நீங்கள் இறுக்கி மூடினால் எந்தப் பாட்டிலும் ஒழுகாது. குழந்தை மூடினாலும் ஒழுகாமல் இருப்பதுதான் நமக்கு வேண்டும். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் நீண்ட வார் இருந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். ஊஞ்சலிலும் சறுக்குமரத்திலும் கழுத்தை இறுக்கக்கூடியது அது.

டப்பாவுக்கும் இதே சோதனைதான். நான்கு பக்கமும் கிளிப் இருப்பது ஒழுகாது, ஆனால் அந்தக் கிளிப்பின் கடுமை பிராண்டுக்கு பிராண்டு மாறும். நம் வழக்கமான வட்ட எவர்சில்வர் டப்பாவில் சூடான சாதத்தை அடைத்து உடனே மூடினால், ஆறியபின் மூடி உள்ளிழுத்துக்கொண்டு பெரியவர்களுக்கே திறக்காது. ஆவி போகவிட்டு மூடுங்கள். சிற்றுண்டிக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று என்று இரண்டு சிறிய டப்பாக்கள், அடுக்கடுக்கான ஒரு பெரிய கேரியரைவிட மேல். எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், தயிர்ச்சாதம் வைப்பவர்கள் அலுமினிய டப்பாவைத் தவிர்க்க வேண்டும், புளிப்பு அந்த உலோகத்தைக் கரைக்கும். முள்கரண்டி வேண்டாம், குட்டைப் பிடியுள்ள சின்ன ஸ்பூன் போதும், கையால் சாப்பிடத் தெரிந்த குழந்தைக்கு அதுவும் தேவையில்லை. டப்பாவுக்குள் என்ன வைப்பது என்பது வேறு பேச்சு என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் இந்த வயதில் மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து உள்ளவை. கடலையைப் பொடித்தும், திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டியும் வையுங்கள். அங்கன்வாடிக்குப் போகும் குழந்தைகளுக்கு மதிய உணவு அங்கேயே கிடைப்பதால் ஒரு தட்டும் பாட்டிலும் தவிர வேறு எதுவும் வேண்டியதில்லை.

ஷூவை மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்தபின் கால் சற்று விரிந்திருக்கும். வீட்டிலேயே ஒரு தாளைச் சுவரை ஒட்டி விரித்து, குதிகால் சுவரில் படக் குழந்தையை நிற்க வைத்து, மிக நீண்ட விரலின் நுனியில் கோடு போட்டு, இரண்டு காலையும் அளந்து, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஷூவின் உள்நீளம் அதைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் சரியாக இருக்கும். இந்த வயதில் கால் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது என்பதால், அந்த இடைவெளியில் பாதி அரைக் கல்வியாண்டிலேயே தீர்ந்துவிடும். வருடம் முழுக்க வரட்டும் என்று இரண்டு சைஸ் கூட்டி வாங்கினால் குழந்தை தடுக்கி விழும், குதிகால் உரசிப் புண்ணாகும். ஷூவை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. நாடா கட்டுவது ஆறு, ஏழு வயதுக்குரிய வேலை; இப்போது ஒட்டுப்பட்டிதான் (வெல்க்ரோ). பெண் குழந்தைகளுக்கான பக்கிள் ஷூக்களிலும், வெளியே பக்கிள் போலத் தெரிந்து உள்ளே ஒட்டுப்பட்டி வைத்தவை கிடைக்கின்றன, அவற்றைக் கேட்டு வாங்குங்கள். காலுறை பருத்தியாக இருக்கட்டும். நைலான் காலுறை நம் வெயிலில் விரலிடுக்கில் புண் உண்டாக்கும்.

சீருடையில் பள்ளி சொல்வதற்கு மேல் நமக்கு உரிமை குறைவு. இருந்தாலும் தையல்காரரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளக்கூடிய இடங்கள் உண்டு. அரைக்கால் சட்டைக்கும் பாவாடைக்கும் கொக்கி, பெல்ட், நாடா எதுவும் வேண்டாம். எலாஸ்டிக் வைக்கச் சொல்லுங்கள். அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடும் குழந்தைக்குக் கொக்கியை அவிழ்க்க நேரம் இருக்காது, நனைந்த பிறகு வரும் வெட்கம் பள்ளியையே வெறுக்க வைத்துவிடும். டை கட்டாயம் என்றால் எலாஸ்டிக் வைத்த டை. மாற்று உடை ஒரு செட், உள்ளாடையோடு, பெயர் எழுதிய உறையில் எப்போதும் பையில் இருக்க வேண்டும். ஈரமானதைப் போட்டு அனுப்ப இன்னொரு காலி உறையும்.

இனி, வாங்கக் கூடாதவை. ஸ்டேஷனரி கடைகளில் குழந்தைகளைக் கண்டதும் முன்னே எடுத்து வைப்பது விளக்கு எரியும் பென்சில் பெட்டி, பாட்டுப் பாடும் பேனா, பழம் போல மணக்கும் குட்டி அழிப்பான் ஆகியவற்றைத்தான். விளக்கும் பாட்டும் உள்ள பொருள்களில் பெரும்பாலும் பொத்தான் வடிவச் சிறு பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தோடு மின்னோட்டம் சேர்ந்து காரத்தை உண்டாக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். அப்படிச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழத்தை விழுங்கக் கொடுத்துக் காத்திருக்காமல், நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காந்த மூடிப் பென்சில் பெட்டியும் அப்படித்தான், இரண்டு சிறு காந்தங்கள் வயிற்றுக்குள் போனால் குடல் சுவர்களை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் இந்தியத் தர முத்திரை கட்டாயமாகியிருக்கிறது. பொம்மை போலவே இருக்கும் எழுதுபொருள்களை நாம்தான் கவனிக்க வேண்டும். தடித்த மெழுகு வண்ணக்குச்சிகள், முக்கோண வடிவத் தடித்த பென்சில் இரண்டு, வீட்டில் கிறுக்கச் சிலேட்டும் பலப்பமும். எல்கேஜிக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது, பென்சில் பெட்டியும்கூட.

அடையாள அட்டையின் கயிறு, இழுத்தால் தானே விட்டுக்கொள்ளும் கிளிப் உள்ளதாக இருக்க வேண்டும். பள்ளி கொடுப்பது அப்படி இல்லையென்றால், கயிற்றை ஓரிடத்தில் வெட்டிச் சிறிய ஒட்டுப்பட்டி தைத்துவிடுங்கள். குழந்தையின் பெயரைப் பையின் வெளிப்புறத்தில் பெரிதாக எழுதாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுபவரைத் தெரிந்தவர் என்று குழந்தை நம்பிவிடும். பெயரும் தொலைபேசி எண்ணும் உட்புறத்தில் இருக்கட்டும். பாட்டிலுக்கும் டப்பாவுக்கும், இரண்டின் மூடிகளுக்கும், பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒட்டும் ஸ்டிக்கர் பத்து நாள் கழுவலைத் தாங்காது. இன்னும் எழுத்துத் தெரியாத குழந்தைக்காகப் பெயரின் பக்கத்தில் ஒரு மீனோ மாம்பழமோ வெட்டச் சொன்னால், ஒரே மாதிரி இருபது டப்பாக்களுக்கு நடுவில் தன்னுடையதை அது தானே எடுத்துக்கொள்ளும்.

ஏற்காட்டுப் பிள்ளைக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை சில. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், காலையில் பனிமூட்டமும் மதியம் வெயிலும் மாலையில் மழையுமாக ஒரே நாளில் மூன்றையும் பார்க்கும் ஊர் அது. தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டரைக் குழந்தையால் தனியே கழற்ற முடியாது. முன்பக்கம் பெரிய ஜிப்போ பெரிய பொத்தான்களோ வைத்ததை வாங்குங்கள். மழைக்கோட்டு, பையையும் சேர்த்து மூடும் போஞ்சோ வகையாகவும், மூட்டத்திலும் வண்டிக்காரர் கண்ணில் படும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறமாகவும் இருக்கட்டும். தலைமூடியில் கயிறு இருந்தால் உருவி எறிந்துவிட்டு எலாஸ்டிக் வையுங்கள், தலைமூடி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கிறதா என்றும் பாருங்கள். குடை இந்த வயதுக்கு ஆகாது. மலைக்காற்றில் அது குழந்தையை இழுத்துக்கொண்டு போகும். ஷூவின் அடிப்பாகம் ஆழமான பள்ளங்கள் கொண்ட ரப்பராக இருக்க வேண்டும். பாசி பிடித்த படிகளில் வழவழப்பான அடி வழுக்கும். கேன்வாஸ் ஷூ அங்கே நாளெல்லாம் காயாது. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மூன்று முறை மாற்றி, நிழலில் உலர்த்துங்கள். அடுப்பின் அருகே வைத்தால் பசை விட்டுப் பிளந்துவிடும். சேலத்தில் இரண்டு செட் சீருடை போதும், ஏற்காட்டில் மூன்று வேண்டும், காலுறை இன்னும் கூடுதலாக. வெந்நீர் கொடுத்து அனுப்ப விரும்பினால் கை பொறுக்கும் சூட்டில் ஊற்றுங்கள். பிளாஸ்க் வகைப் பாட்டிலில் காலை எட்டு மணிக்கு ஊற்றிய கொதிநீர் பத்து மணிக்கும் நாக்கைச் சுடும்.

அண்ணன் அக்காவின் பழையவற்றைப் பயன்படுத்தலாமா என்று பலரும் கேட்பார்கள். பையும் எவர்சில்வர் பொருள்களும் தாராளமாக ஆகும், ரப்பர் வளையத்தை மட்டும் புதிதாக மாற்றினால் போதும். ஷூ மட்டும் ஆகாது; போட்டவர் காலின் வடிவத்துக்கு அது ஏற்கெனவே தேய்ந்திருக்கும். பள்ளி தரும் பட்டியல் கைக்கு வரும்வரை எழுதுபொருள் எதையும் வாங்க வேண்டாம். டப்பாவையும் பாட்டிலையும் மே மாதத் தொடக்கத்திலேயே வாங்கி, வீட்டில் தினமும் ஒரு வேளை அதிலேயே கொடுத்துப் பழக்குங்கள். ஷூவைப் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் வாங்கி, மாலையில் அரை மணி நேரம் வீட்டுக்குள் போட்டு நடக்க விடுங்கள்; குதிகாலில் சிவந்தால் பில்லோடு போய் மாற்றிக்கொள்ள அப்போதுதான் நாள் இருக்கும்.